பறித்த எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சில் பூசணம்: பூஞ்சைக்கொல்லி இல்லாமல் காப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புளியங்குடி, சங்கரன்கோவில் பக்கத்து எலுமிச்சைக்காரர்கள், கொடைக்கானல் கீழ்மலையிலும் ஏற்காட்டிலும் கமலா ஆரஞ்சு வைத்திருப்பவர்கள், சாத்துக்குடியை மொத்தமாக வாங்கி விற்பவர்கள் எனப் பலரும் கேட்கும் கேள்விகள் இவை. மரத்தில் வரும் நோய்களை இங்கே தொடவில்லை. பழம் கைக்கு வந்தபிறகு பூசணம் பிடிப்பதைப் பற்றி மட்டுமே பேசுகிறோம்.

பழத்தின் மேல் பச்சையாகப் பூப்பது என்ன?

பெரும்பாலும் பச்சைப் பூசணம். பெனிசிலியம் டிஜிடேட்டம் என்பது அதன் பெயர். முதலில் தோலில் விரலால் அழுத்தினால் அமுங்கும் ஒரு நீர்த்த புள்ளி தெரியும். ஓரிரு நாளில் அது வெள்ளையாகி, நடுவில் ஆலிவ் பச்சை நிறத்தில் தூள் பூக்கும். அந்தத் தூள்தான் விதை போன்ற வித்துகள். முழுதும் பூத்த ஒரே பழத்தில் நூறு கோடிக்கு மேல் வித்துகள் இருக்கும். தட்டினால் புகைபோலப் பறக்கும்.

இதன் உறவான நீலப் பூசணம், பெனிசிலியம் இட்டாலிகம். வெள்ளை ஓரம் குறுகலாகவும் நடு நீலமாகவும் இருக்கும். இரண்டுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. பச்சைப் பூசணம் பக்கத்துப் பழத்தைத் தூளால் அழுக்காக்குமே தவிர, காயமில்லாத பழத்துக்குள் பெரும்பாலும் நுழையாது. நீலப் பூசணம் ஒட்டிக்கொண்டிருக்கும் நல்ல பழத்துக்குள்ளும் தாவி, ஒரு கூட்டத்தையே கெடுத்துவிடும். குளிரையும் அது கூடுதலாகத் தாங்கும். எனவே குளிர்பதனக் கிடங்கில் வைத்த பழத்தில் நீலம் அதிகமாகத் தெரிந்தால் வியக்க வேண்டியதில்லை.

நன்றாக இருந்த பழம் ஏன் திடீரென்று கெடுகிறது?

திடீரென்று கெடுவதில்லை. பழத்தின் தோலில் ஒரு காயம் ஏற்பட்டு, அதில் வித்து விழுந்திருக்கிறது. கீறலிலிருந்து கசியும் சாறும் எண்ணெயும் வித்தை முளைக்க வைக்கின்றன. இருபத்தைந்து டிகிரி வெப்பம் இந்தப் பூசணத்துக்கு மிகவும் பிடித்தமானது. அந்தச் சூட்டில் ஒன்று முதல் இரண்டு நாளுக்குள் அது தோலுக்குள் வேர்விட்டுவிடும். அதற்குப் பிறகு மேலே எதைத் தடவினாலும் பழம் மீளாது. கண்ணுக்கு அழுகல் தெரியும் நாளுக்கும் காயம் பட்ட நாளுக்கும் இடையே இந்த இடைவெளி இருப்பதால்தான் மண்டிக்காரர் தோட்டக்காரரையும், தோட்டக்காரர் லாரிக்காரரையும் குறை சொல்கிறார்கள்.

இதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்துச் சொன்னவர் ஒருவர் உண்டு. கலிபோர்னியாவில் விளைந்த ஆரஞ்சு ரயிலில் கிழக்கு நகரங்களுக்குப் போய்ச் சேர்வதற்குள் பெருமளவு அழுகிக்கொண்டிருந்தது. அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த ஜி. ஹரால்டு பவல் காரணம் தேடப் போனார். தோட்டம், பொதி கட்டும் கொட்டகை, ரயில் பெட்டி என்று பழத்தைப் பின்தொடர்ந்து பார்த்தார். கத்தரி நுனி குத்திய பழங்கள், நீளமாக விட்ட காம்பு பக்கத்துப் பழத்தைத் துளைத்த இடங்கள், பெட்டிக்குள் கிடந்த மணலும் சுள்ளியும் கீறிய தோல்கள் ஆகியவையே அழுகலின் தொடக்கம் என்று 1908இல் வெளியான தம் அறிக்கையில் எழுதினார். கவனமாகப் பறித்துக் கவனமாகக் கையாண்ட பழம் அதே ரயிலில் அதே தூரம் போய் மிகக் குறைவாகவே கெட்டது. அப்போது இன்றைய பூஞ்சைக்கொல்லி எதுவுமே கிடையாது. இந்தப் பக்கத்தில் சொல்லப்போகும் எல்லாவற்றிலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

எல்லா அழுகலும் பூசணம்தானா?

இல்லை. எந்த வகை அழுகல் என்று பிரித்துப் பார்க்காமல் வைத்தியம் செய்தால் பணம் வீண்.

புளித்த வாடை அடித்து, தோல் கொழகொழத்து, சிறு ஈக்கள் மொய்த்தால் அது புளிப்பு அழுகல். ஜியோட்ரைக்கம் என்னும் பூஞ்சை அதற்குக் காரணம். மண்ணிலிருந்து வருவது, மழைக்காலத்தில் அதிகம். வழக்கமான பூஞ்சைக்கொல்லிகளில் முக்கியமான இமசாலிலும் தயாபெண்டசோலும் இதை அடக்குவதில்லை.

காம்புப் பக்கத்தில் பழுப்பாகத் தொடங்கிக் கீழே இறங்கினால் அது காம்பழுகல். இதன் பூஞ்சை மரத்தின் காய்ந்த குச்சிகளில் குடியிருந்து, மழைநீரோடு வழிந்து, காம்பு பழத்தோடு சேரும் இடத்தில் இருக்கும் சிறு வட்டமான காம்பு மொட்டின் அடியில் ஒளிந்துகொள்கிறது. காம்பு காய்ந்து உதிரும்போது உள்ளே நுழைகிறது. பழத்தை முக்கும் கரைசல் அந்த இடத்துக்கு எளிதில் எட்டாது. காய்ந்த கிளைகளை வெட்டி அப்புறப்படுத்துவதும், காம்பு மொட்டுப் பச்சையாக இருக்கும்படி பறித்த பழத்தை வாட விடாமல் வைப்பதும்தான் வழி.

தரையை ஒட்டிய பழங்களில் தோல்போல இறுகிய பழுப்புத் திட்டும் நெடியும் இருந்தால் அது பைட்டாப்தோரா என்னும், மண்ணில் வாழும் பூஞ்சை போன்ற நுண்ணுயிரின் வேலை. மழையில் மண் தெறிப்பதால் வருகிறது. கீழ்க்கிளைகளைக் கொஞ்சம் உயர்த்தி விட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

பறிப்பில் என்ன மாற்ற வேண்டும்?

எலுமிச்சையில் நமக்கு இரண்டு வம்புகள். ஒன்று, முள். இரண்டாவது, கீழே விழுந்த பழத்தைப் பொறுக்கும் பழக்கம். பழுத்து உதிர்ந்த எலுமிச்சையைக் காலையில் பொறுக்கி, மரத்தில் பறித்த பழத்தோடு ஒரே சாக்கில் கட்டுவது பல தோட்டங்களில் நடக்கிறது. விழுந்த பழம் அடிபட்டிருக்கும், மண்ணையும் தொட்டிருக்கும். அதைத் தனியாக வைத்து, அன்றே உள்ளூரிலோ ஊறுகாய்க்காரரிடமோ கொடுத்துவிட வேண்டும். தொலைதூரம் போகும் மூட்டையில் அது ஒன்றுகூட இருக்கக் கூடாது.

தொரட்டியால் இழுத்து உதிர்ப்பதும் அப்படியே. கைக்கு எட்டும் பழத்தை நுனி மழுங்கிய கத்தரியால் வெட்டுங்கள். முதல் வெட்டில் கொஞ்சம் காம்போடு எடுத்து, இரண்டாவது வெட்டில் மொட்டை ஒட்டிக் காம்பை நறுக்குவது உலகெங்கும் ஆரஞ்சுத் தோட்டங்களில் உள்ள முறை. நீளக் காம்பு பக்கத்துப் பழத்தின் எதிரி. கமலா ஆரஞ்சைத் திருகி இழுத்தால் காம்பு இடத்தில் தோல் பிய்ந்து வரும். அந்த ஒரு பிய்ப்புப் போதும், பழம் முடிந்தது. ஆரஞ்சை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

நகம் வெட்டிய கை அல்லது பருத்திக் கையுறை, உள்ளே துணி தைத்த கூடை, சாக்குக்குப் பதிலாகச் சுத்தமான பிளாஸ்டிக் கிரேட், கிரேட்டை விளிம்புக்கு மேல் நிரப்பாமை என்று மீதியெல்லாம் எளிய காரியங்கள்தான். ஆனால் பறிப்புக் கூலியைப் பழ எண்ணிக்கைக்கோ மூட்டைக்கோ கொடுத்தால் யாரும் மெதுவாகப் பறிக்க மாட்டார்கள். நாள் கூலிக்கு மாற்றுவது சற்றுக் கூடுதல் செலவு. பழம் தூரத்துச் சந்தைக்குப் போவதானால் அந்தச் செலவு திரும்பி வரும் என்று உறுதியாகச் சொல்வேன்.

அதிகாலையில் பறிக்கலாமா? மழை பெய்த மறுநாள்?

இரண்டையும் தவிர்ப்பது நல்லது. பனியோ மழையோ குடித்த தோல் விறைத்திருக்கும். இலேசாக அழுத்தினாலே எண்ணெய்ப் பைகள் உடைந்து, கசிந்த எண்ணெய் தோலைக் கருக்கும். அந்தத் திட்டுகள் பூசணத்துக்கு வாசல். பனி உலர்ந்தபிறகு பறியுங்கள், பறித்ததை உடனே நிழலுக்குக் கொண்டுபோங்கள்.

சமையல் சோடா நிஜமாகவே வேலை செய்யுமா?

செய்யும். பூஞ்சைக்கொல்லி அல்லாதவற்றில் சிறு விவசாயிக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆப்ப சோடா என்று கடையில் கிடைக்கும் சோடியம் பைகார்பனேட். 1920களிலேயே கலிபோர்னியாவில் இதை முயன்று பார்த்திருக்கிறார்கள். பின்னால் வலிய பூஞ்சைக்கொல்லிகள் வந்ததும் ஒதுங்கிப் போனது. அந்த மருந்துகளைப் பொறுத்துக்கொண்டு வளரும் பூசண வகைகள் கொட்டகைகளில் பெருகியபோது மீண்டும் திரும்பிப் பார்த்தார்கள். கலிபோர்னியாவில் அமெரிக்க வேளாண் ஆய்வுப் பணியில் இருந்த ஜோசப் ஸ்மிலானிக்கும் உடன் பணியாற்றியவர்களும் 1990களில் இதை முறையாகச் சோதித்து, மூன்று சதவீதக் கரைசல் பச்சைப் பூசணத்தைக் கணிசமாகக் குறைப்பதைக் காட்டினார்கள்.

அது வித்துகளைக் கொல்வதில்லை, முளைக்க விடாமல் நிறுத்தி வைக்கிறது. காயத்துக்குள் புகுந்து அங்கேயே தங்கும் கரைசல் காரத்தன்மையை உயர்த்துகிறது. பூசணம் தோலைக் கரைக்கச் சுரக்கும் நொதிகளுக்குப் புளிப்புச் சூழல் வேண்டும், காரச் சூழல் அதைக் கெடுக்கிறது. இதற்கிடையே பழம் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளத் தொடங்குகிறது. எனவே பறித்த அன்றே முக்கினால் பலன் அதிகம். மூன்றாம் நாள் முக்கினால் பெரிய பலன் இல்லை.

எப்படிக் கரைத்து முக்குவது?

லிட்டருக்கு முப்பது கிராம், நூறு லிட்டர் தொட்டிக்கு மூன்று கிலோ. உணவுத் தரச் சோடாவாகப் பாருங்கள். பேக்கிங் பவுடர் வேண்டாம், அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும்.

அழுகிய, வெடித்த பழங்களை முதலில் நீக்குங்கள். மண் ஒட்டிய பழத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் தொட்டிக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு முதல் மூன்று நிமிடம் முழுதாக மூழ்கியிருக்கட்டும். பழம் மிதக்கும், ஒரு வலையோ தட்டியோ வைத்து அமுக்குங்கள். பிறகு இலேசாக ஒரு முறை தண்ணீர் தெளித்து எடுத்தால் போதும். குழாயைப் பீய்ச்சிக் கழுவினால் காயத்துக்குள் இருந்த சோடாவும் போய்விடும், வேலை வீண். நிழலில் விரித்து மின்விசிறிக் காற்றில் ஈரம் முழுதும் போகும்வரை உலர்த்துங்கள். ஈரத்தோடு கிரேட்டில் அடுக்கியவர்கள் சோடாவைக் குறை சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

ஒவ்வொரு முறையும் பழம் கொஞ்சம் கரைசலை எடுத்துக்கொண்டு போகும். தொட்டி குறையும்போது வெறும் தண்ணீர் ஊற்றாமல் அதே அளவில் கரைத்த சோடாத் தண்ணீரையே ஊற்ற வேண்டும். கலங்கிப் போனால் முழுவதும் மாற்றிவிடுங்கள்.

நாற்பது, நாற்பத்தைந்து டிகிரிக்கு இலேசாகச் சூடேற்றிய கரைசல் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. கையை விட்டால் நன்றாகச் சுடும், ஆனால் தாங்க முடியும் என்கிற நிலை. ஆனாலும் கையை நம்பாமல் ஒரு வெப்பமானியை வாங்கி வையுங்கள். சோடாவால் தோலின் இயற்கை மெழுகு சற்றுப் போகும், பழம் கொஞ்சம் விரைவாக வாடும். அதனால் முக்கி எடுத்த பழத்தை வெயிலிலும் காற்றிலும் நெடுநேரம் போட்டு வைக்கக் கூடாது.

சலவைச் சோடா பயன்படுத்தலாமா?

சோடியம் கார்பனேட்டும் பூசணத்தை அடக்கும், சில சோதனைகளில் பைகார்பனேட்டுக்குச் சமமாகவே வந்திருக்கிறது. ஆனால் காரம் மிக அதிகம், கையை அரிக்கும், தோலில் கறை விழ வாய்ப்புண்டு. கடையில் மளிகைப் பொட்டலமாக வரும் சலவைச் சோடா உணவுத் தரமும் அல்ல. சமையல் சோடா கிடைக்கும்போது இதற்கு அவசியமில்லை.

வெறும் வெந்நீர் போதுமா?

ஐம்பது முதல் ஐம்பத்து மூன்று டிகிரி வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் முக்குவது ஆராய்ச்சியில் நன்கு நிலைபெற்ற முறை. இஸ்ரேலில் பழத்தைத் தூரிகைகள் மேல் உருட்டிக்கொண்டே ஐம்பத்தாறு டிகிரி வெந்நீரை இருபது விநாடி தெளிக்கும் முறையை உருவாக்கினார்கள். வெப்பம் வித்துகளைத் தளர்த்துகிறது, தோலின் மெழுகை உருக்கி நுண்ணிய வெடிப்புகளை மூடுகிறது, பழத்தின் எதிர்ப்பாற்றலையும் தூண்டுகிறது.

சிக்கல் என்னவென்றால், பலன் தரும் வெப்பத்துக்கும் தோலைச் சுடும் வெப்பத்துக்கும் இடையே மூன்று நான்கு டிகிரிதான் இடைவெளி. விறகடுப்பில் வைத்த அண்டாவில் அதைக் காக்க முடியாது. பழம் போட்டதும் வெப்பம் இறங்கும், அடியில் ஒரு சூடு, மேலே ஒரு சூடு. நம் எலுமிச்சையின் தோல் மெல்லியது, சாத்துக்குடியின் அளவுக்குத் தாங்காது. வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி இல்லாதவர்கள் சோடாத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு. செய்துதான் பார்ப்பேன் என்பவர்கள் ஒரு கூடைப் பழத்தில் செய்து, நான்கைந்து நாள் வைத்துத் தோல் பழுப்பாகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போகலாம்.

இதே வெப்பத்தைக் காற்றாகக் கொடுக்கும் முறையும் உண்டு. முப்பது முதல் முப்பத்தாறு டிகிரியில், தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் உள்ள அறையில் மூன்று நாள் பழத்தை வைத்தால், காயம்பட்ட இடத்தில் மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் படிந்து தழும்பு கட்டுகிறது, பூசணத்தை எதிர்க்கும் ஸ்கோபரோன் என்ற பொருளும் தோலில் சேர்கிறது. பலன் அருமையானது. ஆனால் ஈரப்பதம் சற்றுக் குறைந்தாலும் பழம் சுருங்கிவிடும், மூன்று நாள் அறையும் அடைபடும். பெரிய அளவில் இது பரவாததற்குக் காரணம் அதுதான்.

பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கழுவினால்?

அது வேறு வேலை. குளோரின் தண்ணீரில் மிதக்கும் வித்துகளையும் தோல் மேலுள்ளவற்றையும் கொல்லும். காயத்துக்குள் போனதை அது தொடாது. கழுவும் தண்ணீரே நோயைப் பரப்பாமல் இருக்க அது உதவும், அவ்வளவே. லிட்டருக்கு இருநூறு மில்லிகிராம் குளோரின் என்பது வழக்கமான மேல் வரம்பு. தண்ணீரில் மண் சேர்ந்தால் குளோரின் வீணாகிவிடும். எந்த அமிலத்தோடும் கலக்கக் கூடாது, நச்சு வாயு வரும். இயற்கை வேளாண்மைச் சான்று வைத்திருப்பவர்கள் சான்றளிக்கும் அமைப்பிடம் கேட்டபிறகே பயன்படுத்த வேண்டும்.

சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா இருக்கிறதே, அதில் முக்கினால் என்ன?

நல்ல நுண்ணுயிர்களைக் கொண்டு பழப் பூசணத்தை அடக்குவது உண்மையான துறை. அமெரிக்காவில் 1995இல் இதற்கென்றே இரண்டு தயாரிப்புகள் பதிவாயின. ஒன்று சூடோமோனாஸ் சிரிங்கே பாக்டீரியாவைக் கொண்டது, மற்றொன்று கேண்டிடா ஒலியோஃபிலா என்னும் ஈஸ்ட். காயத்தில் பூசணத்துக்கு முன்னால் இடம்பிடித்து, அதன் உணவைத் தின்றுவிடுவது இவற்றின் வழி. எனவே பூசணம் ஏற்கெனவே உள்ளே போய்விட்டால் இவற்றால் ஆவதொன்றுமில்லை.

ஆனால் நம் கடைகளில் விற்கும் சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ், டிரைக்கோடெர்மா விரிடி பொட்டலங்கள் மண்ணுக்கும் செடிக்கும் என்று தயாரித்தவை. டால்க் மாவில் கலந்தவை. தின்னும் பழத்தின் மேல் அவற்றைப் பூசுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வேப்பெண்ணெய், புல்தைலம், சோற்றுக்கற்றாழை?

கண்ணாடித் தட்டில் வளர்த்த பூசணத்தை நறுமண எண்ணெய்கள் பலவும் அடக்குகின்றன. பழத்தின் மேல் வரும்போது கதை மாறுகிறது. அடக்கும் அளவுக்குத் தடவினால் தோல் கருகும் அல்லது வாசம் ஒட்டும். வேப்பெண்ணெய் வாடை அடிக்கும் எலுமிச்சையை யார் வாங்குவார்கள்? கற்றாழைக் கூழும், இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசனும் மேல் பூச்சாக வாடலைக் குறைக்கும், பூசணத்தைக் கொஞ்சம் தடுக்கும். அவற்றைத் துணையாகக் கொள்ளலாம், தனியாக நம்ப முடியாது.

மெழுகு பூசினால் பூசணம் வராதா?

மெழுகு பளபளப்புக்கும் வாடாமல் இருக்கவும்தான். தேன்மெழுகு, கார்னோபா மெழுகு, அரக்கு ஆகியவற்றை உரிய அறிவிப்போடு பழத்தில் பூச நம் உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் தருகின்றன. காயமும் ஈரமும் உள்ள பழத்தின் மேல் பூசினால் அழுகலைத்தான் மூடி வைக்கிறீர்கள்.

குளிரில் வைத்தால் போதாதா?

குளிர் பூசணத்தைத் தூங்க வைக்கும். வெளியே எடுத்ததும் அது எழுந்துவிடும். இருந்தாலும் நாள் கிடைக்கிறது, விற்க அவகாசம் கிடைக்கிறது. எலுமிச்சையை எட்டு முதல் பத்து டிகிரிக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். அதற்குக் கீழே நெடுநாள் வைத்தால் தோலில் குழிகள் விழும், அந்தக் குழிகளும் காயங்களே. ஆரஞ்சும் சாத்துக்குடியும் இன்னும் சற்றுக் குளிரைத் தாங்கும்.

மின்சாரம் இல்லாத இடத்தில், புது தில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்த செங்கல் குளிர் அறை உதவும். இரண்டு வரிசைச் செங்கல் சுவர், நடுவில் ஆற்று மணல், காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பு. கோடையில், வறண்ட காற்றில் நன்றாகக் குளிரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் குளிர்வதும் குறைவு, உள்ளே ஈரம் தங்குவதும் அதிகம். அந்த மாதங்களில் வேண்டாம்.

பழுக்கும் வாழையும் மாம்பழமும் உள்ள அறையில் எலுமிச்சையை வைக்காதீர்கள். அவை விடும் எத்திலீன் என்னும் வாயு காம்பு மொட்டை உதிர்க்கும், காம்பழுகலுக்கு வழி திறக்கும். நிறம் ஏற்ற எத்திலீன் கொடுப்பவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கொட்டகையில் ஆண்டு முழுதும் பூசணம். எங்கிருந்து வருகிறது?

போன வாரம் ஒதுக்கிய அழுகல் பழத்திலிருந்து. கழிவுக் குவியல் கொட்டகை வாசலில் இருந்தால் காற்று திரும்பும்போதெல்லாம் வித்து உள்ளே வரும். அழுகிய பழத்தைத் தரம் பிரிக்கும் மேசையில் தட்டக் கூடாது. அங்கேயே ஈரச் சாக்கிலோ பையிலோ மெதுவாகப் போட்டுக் கட்டி, தொலைவில் குழி வெட்டிப் புதைக்க வேண்டும். மண்டியிலிருந்து திரும்பி வரும் கிரேட்டுகள்தான் பலர் கவனிக்காத வழி. அவற்றைக் கழுவி வெயிலில் காய வைக்காமல் தோட்டத்துக்குள் அனுப்பாதீர்கள். துடைப்பத்தால் உலர்வாகப் பெருக்குவதற்குப் பதில் தண்ணீர் தெளித்துக் கழுவுங்கள்.

இதையெல்லாம் செய்தால் மருந்துக்குச் சமமான பலன் வருமா?

சோடா மட்டும் என்றால் வராது. புதிதாக, எதிர்ப்பு வளராத இடத்தில் அடிக்கும் இமசாலில் மருந்து இதைவிட வலியது. அதன் காவல் நாட்கணக்கில் நிற்கும். சோடாவில் முக்கிய பழத்தில் மறுநாள் புதிதாகக் கீறல் விழுந்தால் காவல் அநேகமாக இல்லை. முக்கிய பிறகு மூட்டையைத் தூக்கி எறிந்தால் எல்லாம் பாழ். ஆனால் நல்ல பறிப்பு, அன்றே சோடா, முழு உலர்த்தல், சுத்தமான கிரேட், குளிர்ச்சி என்ற வரிசை முழுதும் சேரும்போது, உள்நாட்டுச் சந்தைக்குப் பூஞ்சைக்கொல்லி தேவைப்படாது என்பது என் கருத்து. பல மாதம் இருப்பு வைத்துக் கப்பலில் அனுப்புவோருக்கு இதே உறுதியைத் தர மாட்டேன்.

வீட்டில் வாங்கிய எலுமிச்சை நான்கு நாளில் பூக்கிறது. என்ன செய்யலாம்?

வாங்கியதும் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். கீறல் உள்ளவற்றை அன்றே பிழிந்து உப்பிட்டு வையுங்கள். மற்றதைக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்தி, ஒவ்வொன்றாகத் தாளில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம். தாள், ஒரு பழம் கெட்டாலும் அடுத்ததைத் தொடாமல் தடுக்கும்.

பூசணம் பிடித்த பக்கத்தை வெட்டிவிட்டு ஊறுகாய் போடலாமா?

வேண்டாம். சாறு நிறைந்த மென்மையான பழத்தில் பூசணம் கண்ணுக்குத் தெரிவதைவிட உள்ளே பரவியிருக்கும். சுவையும் கசந்துவிடும். ஆஸ்துமா, ஒவ்வாமை உள்ளவர்கள் அந்தத் தூளை முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது.

மீந்த சோடாத் தண்ணீரை மரத்தடியில் ஊற்றலாமா?

கூடாது. அதில் சோடியம் அதிகம். திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் ஊற்றினால் மண் இறுகிக் களர் நிலமாகும், எலுமிச்சை வேர் அதைத் தாங்காது. வாய்க்காலிலும் கிணற்றோரத்திலும் விடாதீர்கள். பயிர் இல்லாத இடத்தில் தார்ப்பாயோ சிமெண்டுத் தொட்டியோ அமைத்து வெயிலில் வற்ற விட்டு, மிஞ்சும் உப்பை வழித்து அப்புறப்படுத்துங்கள். ஒரு பருவத்துக்குச் சில தொட்டிகள் மட்டுமே ஆகும் சிறு தோட்டமானால், சோடாவை அளவாகக் கரைத்து, முன்கூட்டிக் கழுவிய பழத்தையே முக்கி, ஒரே கரைசலை நீண்ட நேரம் பயன்படுத்துவது கழிவைக் குறைக்கும்.